வயர் இல்லாத வெளிச்சம்

மாண்ட்ரியலில் நடந்த தமிழ்க் கல்யாணங்களில் பாதிக்கு மேல் சுவிட்சர்லாந்தில்தான் நடந்திருக்கின்றன. நம்பாதவர்கள் இங்கே யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பழைய கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கலாம். மணமக்கள் மாலை மாற்றியதும் பின்னால் பனிமலை எழும்பும். மலையடிவாரத்தில் மாடு மேயும். மாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மாப்பிள்ளையின் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். இந்த அக்கிரமம் அத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு மனிதர். அவரை எல்லோரும் வீடியோ அண்ணை என்பார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மனைவி நளினி அக்காவே போன் வந்தால், "வீடியோ வெளியில போயிட்டார், பேந்து எடுங்கோ" என்பார். பேந்து என்றால் பிறகு. மகள் கல்யாணப் பத்திரிகையில் அவருடைய நிஜப் பெயர் முதன்முதலாக அச்சானபோது ஊரே குழம்பிப் போனது. "பொம்பிளையின்ர தகப்பன் ஆர் எண்டு விளங்கேல்லை. வீடியோ அண்ணை எப்படியும் வருவார், அவரிட்டக் கேப்பம்" என்று என்னிடமே இரண்டு பேர் சொன்னார்கள்.

நாங்கள் சென்னையிலிருந்து வந்து இறங்கியபோது, சென்ட் லோரன்ட் பகுதியில், ஈழத் தமிழரான அவர் வீட்டு மாடியில்தான் குடியேறினோம். என் வீட்டுக்காரருக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. எனக்கும் அதே தலையெழுத்துதான். பெட்டிகளை இறக்கக்கூட விடாமல், அண்ணை வாசலில் நின்று இரண்டு கை விரல்களையும் சேர்த்துச் சட்டம் மாதிரி வைத்து எங்களை அதற்குள் பார்த்தார்.

"ஹீட்டர் எப்படிண்ணா போடறது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அது பேந்து. ரெண்டு பேரும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்கோ. தங்கச்சிக்கு நல்ல நெத்தி. லைட் நிக்கும்."

அந்த நெற்றி நடுங்கிக்கொண்டிருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் மகனின் முதல் பிறந்தநாளை அவரே முன்வந்து வீடியோ எடுத்தார். வேண்டாம் என்று நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்ற வார்த்தை அவர் காதில் ஏறாது. கேக் வெட்டும்போது பின்னால் நயாகரா கொட்டியது. பிள்ளை கையை நீட்டினால் அருவியில் நனைந்துவிடுவான் போலிருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து என் அம்மா அலறிக்கொண்டு போன் செய்தாள். "ஏண்டி, பச்சப் புள்ளைய அருவி ஓரத்துலயா உக்கார வெப்பாங்க? உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?" இதை அண்ணையிடம் போய்க் கோபமாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா பயந்திட்டாவோ? அப்ப வேலை சரி" என்றார்.

அவருடைய பிடிவாதம் அப்படிப்பட்டது. கல்யாண வீட்டில் ஐயரைவிட அவர் பேச்சுதான் எடுபடும். மாப்பிள்ளை தாலி கட்டி முடித்து, எல்லோரும் அட்சதை போட்டு, நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அண்ணை கையைத் தூக்குவார். "தம்பி, ஒருக்கா திரும்பக் கட்டுங்கோ. அன்ரியின்ர தலை மறைச்சுப் போட்டுது." ஐயர் சாஸ்திரம் பேசுவார். அண்ணை அசைய மாட்டார். கடைசியில் மாப்பிள்ளை திரும்பக் கட்டுவான். ஒரு மாப்பிள்ளையை நான்கு தடவை கட்ட வைத்ததாகவும், அந்தத் தம்பதி இன்றுவரை சண்டையே போட்டதில்லை என்றும் அண்ணையே பெருமையாகச் சொல்வார்.

அருந்ததி பார்க்கிற சடங்கு இருக்கிறதே, அதில்தான் அவர் உச்சத்துக்குப் போனார். இங்கே கல்யாணமெல்லாம் பட்டப்பகலில், கூரை போட்ட மண்டபத்துக்குள் நடக்கிறது. ஐயர் மேலே தொங்கும் மின்விசிறியைக் காட்டி, "அந்தா அருந்ததி, பாத்துக்கொள்ளுங்கோ" என்பார். மணப்பெண்ணும் மின்விசிறியைப் பார்த்துத் தலையாட்டுவாள். அண்ணைக்கு இது பொறுக்கவில்லை. அவருடைய வீடியோவில் அந்த இடம் வந்ததும் மண்டபத்தின் கூரை இரண்டாகப் பிளக்கும், நீல வானம் தெரியும், ஒரு நட்சத்திரம் வந்து கண்ணடிக்கும். பக்கத்திலேயே நிலாவும் இருக்கும். பகல் வெளிச்சத்தில் நிலா எப்படி என்று கேட்டதற்கு, "வானம் இல்லாத இடத்தில வானம் வைக்கிறவன் நான். நிலவு வைக்கிறதோ பெரிய வேலை?" என்றார்.

காலம் மாறியது. டொரொன்டோவிலிருந்து கறுப்பு டீ-ஷர்ட் போட்ட பையன்கள் வந்தார்கள். டிரோன் பறக்கவிட்டார்கள். மணப்பெண் படியிறங்குவதையே ஒரு பாட்டு முழுக்க மெதுவாகக் காட்டினார்கள். மலையும் கிடையாது, அருவியும் கிடையாது. எல்லோரும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அண்ணைக்கு அழைப்புகள் குறைந்தன. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. "சனத்துக்கு ரசனை திரும்பி வரும். அதுவரைக்கும் நான் இருப்பன்" என்று திடமாகச் சொல்வார். அவரை உண்மையில் சாய்த்தது வேறு ஒன்று.

அவருக்கு ஒரே மகள், ஆரணி. மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆராய்ச்சி வேலை பார்க்கிற கெட்டிக்காரப் பெண். பாவம், பிறந்ததிலிருந்து அப்பாவின் கமராவுக்கு முன்னால்தான் வளர்ந்தாள். மயில்மேல் பறந்திருக்கிறாள், புலியோடு பேசியிருக்கிறாள். பெண் பெரியவளானால் செய்கிற சடங்கை இவர்கள் சாமத்தியவீடு என்பார்கள். இங்கே அதற்கும் மண்டபம் பிடித்து, கல்யாணம் மாதிரியே செய்வார்கள். ஆரணியின் சாமத்தியவீட்டு வீடியோவில் ஒரு தடாகம் வரும், தடாகத்தில் ஒரு பெரிய தாமரை விரியும், தாமரைக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை மூக்குத்தியும் முறைப்புமாக எழுந்து நிற்கும். அதைப் பள்ளிக்கூடத் தோழிகளை எல்லாம் வீட்டுக்கு அழைத்துப் பெரிய திரையில் போட்டுக் காட்டினாராம் அண்ணை. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடியும்வரை அவளைத் தாமரை என்றே கூப்பிட்டார்கள்.

அவள் கல்யாணம் நிச்சயமானதும் அண்ணை ஒரு புதுக் கமரா வாங்கினார். அதைக் குழந்தை மாதிரித் துவாலையில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒருமுறை திறந்து காட்டினார். தொட விடவில்லை.

அன்றைக்கு நான் கீழே கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஆரணி அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, கல்யாணத்துக்கு டொரொன்டோ ஆக்களை புக் பண்ணிட்டன்."

"அவங்கள் ஒரு பக்கம் எடுக்கட்டும். நான் ஒரு பக்கம் எடுக்கிறன்."

"இல்லை. நீங்கள் கமராவைத் தொடக்கூடாது. சில்வுப்ளே, பிளீஸ் அப்பா. ஒரு நாள் மட்டும் எனக்கு அப்பாவா வாங்கோ. எனக்குப் பின்னால மலை வேண்டாம், மயில் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். சத்தியம் பண்ணுங்கோ."

அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்தச் சோறு அதற்குமேல் பிசைய முடியாத நிலைக்கு வந்தது. நான் கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தேன். கடைசியில் அவர் இடது கையை நீட்டி மகள் தலையில் வைத்து, "சரி. தொட மாட்டன்" என்றார்.

அன்றிலிருந்து மனிதர் பாதியாகிப் போனார். "ஊரில உள்ள பொம்பிளைப் பிள்ளையள் எல்லாரையும் எடுத்தவர். தன்ர பிள்ளையை எடுக்கேலாது எண்டால் அவருக்கு எப்படி இருக்கும், சொல்லு பாப்பம்" என்று நளினி அக்கா என்னிடம் அழுதார். ஆரணி பக்கமும் நியாயம் இருந்தது. தாமரைக்குள்ளிருந்து வந்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும்.

கல்யாண நாள் காலையில், கோயிலில், அண்ணை பட்டு வேட்டி சரசரக்க மணவறையில் உட்கார்ந்தார். கையில் கமரா இல்லாமல் அவரை முதல் தடவையாகப் பார்த்தவர்கள் யாரோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். கைதான் சும்மா இருந்தது, புருவம் சும்மா இருக்கவில்லை. டொரொன்டோக் குழுவின் தலைவன், தலையில் கொண்டை போட்ட ஒரு சாதுவான பையன். அவனை அண்ணை புருவத்தாலேயே இடது பக்கம் போகச் சொன்னார், குனியச் சொன்னார், குறுக்கே நின்ற ஓர் அன்ரியின் தலையைச் சுட்டிக்காட்டினார். கன்னிகாதானத்தின்போது மகள் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இங்கால நீட்டுங்கோ" என்றார் ஐயர்.

"உங்கால வெளிச்சம் காணாது ஐயா."

"வெளிச்சத்துக்கும் தானத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ" என்றார் அண்ணை. கையைத் திருப்பியபடியே வைத்திருந்தார். ஆரணி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாலையில் வரவேற்பு. மாண்ட்ரியல் தீவின் மேற்கு மூலையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் வயலோரத்தில் இருந்த ஒரு மண்டபத்தில் வைத்திருந்தார்கள். அக்டோபர் மாதம், ஆறரைக்கே இருட்டிவிட்டது. மேடையில் மணமக்களுக்குப் பின்னால் ரோஜாப்பூச் சுவர். அவர்களோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. இந்த வரிசையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க் கூட்டமாக இருந்தாலும் சரி, இவர்கள் கூட்டமாக இருந்தாலும் சரி, கல்யாண மேடை வரிசை என்பது புனிதமானது. என்வலப்பைக் கொடுத்து, படம் எடுத்து, பிறகுதான் சாப்பாடு. பசியோடு நிற்கிற கூட்டம் அது. யாரையும் இடையில் விடாது.

சத்தம் தாங்காமல் என் மகன் சிணுங்கினான். அவனைத் தூக்கிக்கொண்டு, பட்டுப் புடவைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கார் நிறுத்துமிடத்தின் கோடியில் வீடியோ அண்ணை தனியாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் உந்த லைட்டைப் போட்டது?" என்றார் என்னைக் கண்டதும்.

வடக்கே, காய்ந்த சோள வயலுக்கு மேல் வானம் சிவந்திருந்தது. எங்கேயோ தொழிற்சாலை தீப்பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக்குக் கீழே பச்சை ஒன்று நெளிந்தது. காற்றில் காய்கிற புடவை மாதிரி மெதுவாக அசைந்தது.

"டொரொன்டோக்காரர்தான். புரொஜெக்டர் கொண்டந்திருக்கிறாங்கள்." அண்ணை மண்டபத்தைக் கையால் காட்டினார். "என்னட்ட எஃபெக்ட் வேண்டாம் எண்டவள், அவங்களிட்டச் சொல்லிப் போடுவிச்சிருக்கிறாள். அதுவும் பாருங்கோ, பச்சைக்கு மேல சிவப்பு. முகத்தில அடிச்சால் காமாலைக்காரன் மாதிரி இருக்கும். ஆர் உவங்களுக்குத் தொழில் படிப்பிச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் புரொஜெக்டரைத் தேடிக் கிளம்பிவிட்டார். மண்டபத்தைச் சுற்றி நடந்தார். குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் பார்த்தார். சமையல்காரரை எழுப்பி, அவர் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் பார்த்தார். செடிகளை விலக்கி வயர் போகிறதா என்று தடவிப் பார்த்தார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணா, நில்லுங்கண்ணா" என்று பின்னாலேயே ஓடினேன். ஒரு முழுச் சுற்று முடித்துப் பழைய இடத்துக்கே வந்து நின்றார். ரகசியம் சொல்வதுபோல் என் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, உதுக்கு வயர் இல்லை."

"அது யாரும் போட்டது இல்லண்ணா. நார்தர்ன் லைட்ஸ். வட துருவத்துல வருமே, அதுதான்."

"துருவத்தில வாறது இஞ்ச ஏன் வருது?"

"சூரியன்ல பெரிய புயல் அடிச்சா எப்பவாவது இவ்ளோ தெக்க வருமாம். இன்னிக்கு வந்திருக்கு."

அண்ணை திரும்பவும் அண்ணாந்தார். அவர் முகத்தில் சிவப்பும் பச்சையும் விழுந்தன. காமாலைக்காரர் மாதிரி இல்லை, நன்றாகத்தான் இருந்தார்.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"தெரியாதுண்ணா. இப்பவே போனாலும் போயிடும்."

"ஆரணி பாக்க வேணும்" என்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

உள்ளே வரிசை வாசல்வரை நின்றது. அண்ணை அதை ஊடறுத்துப் போகப் பார்த்தார். "அண்ணை, லைன்ல வாங்கோ" என்றார் ஒருவர்.

"நான் பொம்பிளையின்ர தகப்பன்."

"இருக்கட்டும். நாங்களும் லாவல்ல இருந்து வந்து பசியோட நிக்கிறம்."

பக்கத்தில் நின்ற அம்மா பரிவாகக் கையை நீட்டினார். "அவசரமெண்டால் உங்கட என்வலப்பை என்னட்டத் தாங்கோ. நான் குடுத்து விடுறன்."

கல்யாணத்தை நடத்துகிற மனிதர் தன் மகளைப் பார்க்க வரிசையில் நின்ற கொடுமையை நான் கண்ணால் கண்டேன். அதிக நேரம் நிற்கவில்லை. குனிந்தார், மேடைக்குப் பக்கவாட்டில் மறைந்தார். அடுத்த நிமிடம் ரோஜாப்பூச் சுவர் குலுங்கியது. ஆரணியின் தோளுக்கு மேல், பூக்களைப் பிளந்துகொண்டு அண்ணையின் தலை வந்தது. மகளைத் தாமரையிலிருந்து வரவழைத்தவர், தானே ரோஜாவிலிருந்து வந்தார். அந்த நேரம் மேடையில் நின்ற குடும்பத்தின் படத்தில் அந்தத் தலை இன்றைக்கும் இருக்கிறது.

நான் மேடைக்குக் கீழேயே நின்றேன். அவர்கள் பேசியது கேட்டது.

"ஆரணி, வெளியில வா. வானத்தில லைட் வந்திருக்கு."

ஆரணி திரும்பவில்லை. கமராவுக்காகச் சிரித்த சிரிப்பையும் குறைக்கவில்லை. "அப்பா, நீங்கள் சத்தியம் பண்ணினீங்கள்."

"ஓம்."

"இண்டைக்கு ஒரு நாள்தானே கேட்டன்."

"ஓம் ராசாத்தி. நான் கமராவைத் தொடேல்லை. தொடவும் மாட்டன். ஒருத்தரும் எடுக்கவும் வேண்டாம். நீ ஒருக்கா வந்து பாத்தாக் காணும், அது போதும். பாத்திட்டுத் திரும்பி வந்து நிண்டு சிரி."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, எடுக்க வேண்டாம் என்று அப்பா சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஒரு கணம் திரும்பி, பூக்களுக்கு நடுவே இருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். பாவாடையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். மாப்பிள்ளை திருகோணமலைக்காரர், நல்ல பிள்ளை, ஒன்றும் கேட்காமல் பின்னால் வந்தார். மணமக்கள் இறங்கியதைக் கண்ட அறிவிப்பாளர் படம் எடுப்பது முடிந்ததாக நினைத்து, "சாப்பாடு தயார்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். புனிதமான வரிசை ஒரே நொடியில் கலைந்து கொத்துரொட்டிப் பக்கம் ஓடியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் வெளியே வந்தது மணமக்கள், அண்ணை, நளினி அக்கா, நான், என் இடுப்பில் என் மகன்.

வானம் அப்போது உச்சிவரை சிவந்திருந்தது. ஆரணி அண்ணாந்து நின்றாள். தலையிலிருந்த பூ நழுவி விழுந்தது, அவள் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை, குளிர், அம்மா அப்பா இல்லாத ஊர் என்று இத்தனை நாள் இந்த நாட்டைத் திட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு அதை மனதார மன்னித்தேன்.

"அப்பா, இது உண்மையா?"

"ஓம். வயர் இல்லை. நான் சுத்திப் பாத்திட்டன்."

அவள் அப்பாவின் வெறும் கைகளைப் பார்த்தாள். பிறகு, "கமரா எங்க?" என்றாள்.

"எந்தக் கமரா?"

"கார் டிக்கியில" என்றார் நளினி அக்கா. "ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில, துவாயால சுத்தி."

அண்ணை மனைவியை முறைத்தார். மகள் அவர் முன்னால் வந்து நின்றாள். "எடுங்கோ அப்பா."

"சத்தியம் பண்ணினனான்."

"நான் கேட்டுத்தானே பண்ணினீங்கள். நான்தானே இப்ப எடுங்கோ எண்டு சொல்லுறன். கெதியா எடுங்கோ, போகப் போகுது."

அவசரத்தில் அவர் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகியதில் டிக்கியின் பூட்டு திறக்கவில்லை. மாப்பிள்ளைதான் திறந்து கொடுத்தார். கமரா கைக்கு வந்ததுதான் தாமதம், பழைய வீடியோ அண்ணை திரும்பி வந்துவிட்டார். "பிள்ளை, இடது பக்கம். மாப்பிள்ளை, தலையைக் கொஞ்சம் சரியுங்கோ. அசையாதேங்கோ. மூச்சும் விடாதேங்கோ" என்று வரிசையாக உத்தரவு போட்டார். எல்லாம் சரியாக வைத்து நிமிர்ந்து பார்த்தால், வானம் கறுத்துவிட்டது.

"முடிஞ்சுது போல" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"நில்லுங்கோ" என்றார் அண்ணை. வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எத்தனையோ மணவறையில் தூக்கிய அதே கை. "ஒருக்கா. திரும்ப ஒருக்கா."

குளிரில் மணப்பெண்ணுக்குப் பல் தந்தியடித்தது. நளினி அக்கா உள்ளே போகலாம் என்று கெஞ்சினார். அண்ணை கையை இறக்கவில்லை. ஆரணியும், "நிப்பம் அம்மா, அப்பா சொல்லுறார்தானே" என்றாள். தாலியை நான்கு தடவை கட்ட வைத்தவருக்கு வானம் எந்த மூலைக்கு? சோள வயலுக்கு மேல் பச்சை மறுபடி கசிந்தது. அதிலிருந்து சிவப்புத் தூண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அண்ணை எடுத்தார்.

கொண்டை போட்ட தம்பி சாப்பாட்டுத் தட்டோடு வெளியே வந்து, மேலே பார்த்து, தட்டை யாருடைய காரின் மேலோ வைத்துவிட்டுக் கமராவை எடுக்க ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. "அங்கிள், நீங்க எடுத்ததை எங்களுக்கும் தருவீங்களோ?" என்று கேட்டான்.

"தம்பி, நீங்கள் எஃபெக்ட் போடுறேல்லைத்தானே" என்றார் அண்ணை, அன்பாக.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார். படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பினார். கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கமராவில் நிறம் இன்னும் கூடுதலாக விழுந்திருந்தது. பதில்கள் வந்து குவிந்தன. "அண்ணை, நல்ல எஃபெக்ட்." "இந்த முறை மலை வைக்கேல்லையோ?" "சிவப்பைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்." ஒரு மாமா மட்டும் அக்கறையாக, "மகளின்ர கல்யாணத்திலயாவது இந்த வேலையை விட்டிருக்கலாம்" என்று எழுதியிருந்தார்.

அண்ணை விடுவாரா? ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். அன்றைக்குக் கியூபெக் முழுக்க வெளிச்சம் தெரிந்ததாகப் படத்தோடு வந்த பிரெஞ்சுப் பேப்பரைக் காட்டினார். "ஓம், இந்தப் பேப்பரில இருந்துதான் வெட்டி ஒட்டியிருக்கிறியள்" என்றார்கள். சாட்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். "இந்தப் பிள்ளை எஞ்சினியர். அவ சொல்லட்டும்." நான் சொன்னேன். "நீங்கள் அவற்ற வீட்டு மேல்மாடியிலதானே இருக்கிறீங்கள், வேற என்னத்தைச் சொல்லுவீங்கள்" என்று எனக்கு டீ கொடுத்து அனுப்பினார்கள். என் பட்டப்படிப்புக்கு மாண்ட்ரியலில் இருந்த மரியாதை அவ்வளவுதான். மலையும் நிலாவுமாக அவர் ஒட்டியதையெல்லாம் ரசித்துப் பார்த்த கூட்டம், ஒரே ஒரு நிஜ வானத்தைக் காட்டினால் நம்ப மாட்டேன் என்கிறது. அவருக்காக எனக்கே ஆத்திரமாக வந்தது.

போன மாதம் ஆரணி புரோசார்டில் புது வீடு குடிபோனாள். அண்ணையின் வேனில் நாங்களும் போனோம். டொரொன்டோக்காரர்கள் எடுத்த கல்யாண ஆல்பம் மேசைமேல் அழகாக இருந்தது. சுவரில் ஒரே ஒரு படம்தான். சிவப்பும் பச்சையுமான வானத்துக்குக் கீழே இரண்டு பேர் குளிரில் விறைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டு அன்ரி ஒருவர் அதன் முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"ஆர் பிள்ளை உந்த எஃபெக்ட்டைப் போட்டது?"

அண்ணை வடையைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். சூரியன், புயல், துருவம், வயர் இல்லாதது, எஞ்சினியர் பிள்ளை என்று எல்லாம் வரப்போகிறது என்று நான் தயாரானேன். அதற்குள் ஆரணி சமையலறையிலிருந்து டீத் தட்டோடு வந்தாள்.

"எங்கட அப்பா போட்டது அன்ரி. வேற ஒருத்தருக்கும் இப்படிப் போட வராது."

அண்ணை திறந்த வாயை மூடிக்கொண்டார். வடையைத் திரும்ப எடுக்கவில்லை. படத்தைப் பார்ப்பதும் மகளைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது அண்ணைதான் வேனை ஓட்டினார். நளினி அக்கா முன் சீட்டில் தூங்கிவிட்டார். ஷம்ப்ளேன் பாலத்தில் ஏறும்போது அண்ணை கண்ணாடியில் பின் சீட்டிலிருந்த என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நல்லாத்தானே போட்டிருக்கிறன்?"

"ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்கண்ணா" என்றேன்.